ஐந்து மாதத்தில் தேய்ந்த பிஸ்டன்

என்னைப் பற்றி யாராவது குறை சொன்னால் எனக்குப் பெரிதாகக் கோபம் வராது. மாநகர சபையில் பதினெட்டு வருடமாக எழுதுவினைஞராக இருக்கிறேன். குறை கேட்டுக் கேட்டுக் காது பழகிவிட்டது. சிரித்துக்கொண்டே அடுத்த படிவத்தை நீட்டுவேன். ஆனால் என் பைக்கைப் பற்றி ஒரு சொல் சொல்லிப் பாருங்கள். இந்த மோகனராஜ் எப்படிப்பட்ட ஆள் என்று அப்போது தெரியும்.

அது நூற்றிருபத்தைந்து சிசி டூ ஸ்ட்ரோக், மலைப்பாதைக்கென்றே செய்தது, என்னைவிடப் பத்து வயது இளையது. ஞாயிறு காலையில் கட்டுகஸ்தோட்டையில் இருந்து அதில் ஏறிக் கிளம்பினால், நாவலப்பிட்டிக்கு மேலே தேயிலைத் தோட்டங்களின் மண் ரோட்டில் பகல் முழுக்க ஏறி இறங்கிவிட்டு, இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடுவேன். முழங்கால் வரை சேறு அல்லது தலை முழுக்கத் தூசி. அந்த ஒரு நாளுக்காகத்தான் மிச்ச ஆறு நாளும் கையெழுத்துப் போடுகிறேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

இந்த வகை எஞ்சினில் பெட்ரோலோடு எண்ணெயையும் கலந்து ஊற்ற வேண்டும். பிஸ்டனும் அதைச் சுற்றியுள்ள ரிங்குகளும் மற்ற பைக்குகளைவிடச் சீக்கிரம் தேயும். பைக்கைக் கிளப்பும் கிக்கரில் ஏறி நின்றால் என் எழுபத்தெட்டு கிலோவை ஒரு நொடியாவது அது தாங்க வேண்டும். நின்றவுடன் பொசுக்கென்று கீழே போனால் உள்ளே காற்றுக் கசிகிறது, மேல்பாகத்தைக் கழற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். கழற்றுவது பெரிய வித்தையில்லை. நாலு நட்டைத் தளர்த்தினால் சிலிண்டர் கையோடு வந்துவிடும். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பத்திரிகையை விரித்து நானே செய்வேன். அன்றைக்கு மட்டும் என் மனைவி துஷானி பிள்ளைகளுக்கு அடுப்படியில் வைத்துச் சாப்பாடு கொடுப்பாள்.

என்னால் முடியாத வேலை ஒன்றுதான். சிலிண்டரும் தேய்ந்திருந்தால் அதன் உட்புறத்தை ஒரு மயிரிழை பெரிதாகக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் போட வேண்டும். போர் பண்ணுவது என்பார்கள். ஒரு சிலிண்டரை நாலு தடவைதான் அப்படிக் கடையலாம். பிறகு கடைவதற்கு உள்ளே இரும்பு இருக்காது. அந்த வேலைக்கு நான் போகும் ஒரே இடம் அலவத்துகொடையில் தாஸிம் நானாவின் லேத் பட்டறை. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், அதனால் எனக்கு நானா, அதாவது அண்ணன். அதிகம் பேசமாட்டார். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையில் இரண்டு தௌ இடம் விட வேண்டும். ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்து அதில் இரண்டு பங்கு. அவர் விட்டால் அது இரண்டுதான், இரண்டரை ஆகாது. பன்னிரண்டு வருடப் பழக்கம். தீபாவளிக்கு எங்கள் வீட்டுப் பலகாரத் தட்டு முதலில் போவது அவர் வீட்டுக்கு.

பழைய பிஸ்டன் நாலு வருடம் ஓடியது. அதற்குப் பிறகு நானா போர் பண்ணிக் கொடுத்தது ஆறு மாதம். அதற்கடுத்தது ஐந்தே மாதம். கிக்கர் பொசுக்கென்று இறங்கியது, பைக் மேட்டில் மூச்சு வாங்கியது, சிலிண்டருக்குள் கடகடவென்று சத்தம். கழற்றிப் பார்த்தால் பிஸ்டனின் பக்கமெல்லாம் நெட்டுக்குக் கீறல்.

போன ஐப்பசி மாதம் ஒரு சனிக்கிழமை அந்தப் பிஸ்டனையும் சிலிண்டரையும் எடுத்துக்கொண்டு அலவத்துகொடைக்குப் போனேன். பட்டறையில் நாலைந்து பேர் தங்கள் வேலைக்குக் காத்திருந்தார்கள். நானா புதிதாகக் கண்ணாடி போட்டிருந்தார். அதை நான் கவனித்தேன், கவனித்ததுதான் வினையாகிவிட்டது.

"நானா, இது அஞ்சே மாசம்," என்று பிஸ்டனை மேசையில் வைத்தேன்.

அவர் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலால் கீறலைத் தடவினார். பிறகு மெதுவாக, "தம்பி, பில்டர் சரியா ஈக்கிதா?" என்று கேட்டார்.

பில்டர்! எஞ்சினுக்குப் போகும் காற்றில் தூசியைத் தடுக்கும் அந்தக் கடற்பஞ்சுத் துண்டை ஞாயிறு தவறாமல் கழற்றி, பெட்ரோலில் கழுவி, சோப்புத் தண்ணீரில் அலசி, காயவைத்து, எண்ணெய் பூசி மாட்டுகிறவன் நான். என் பற்களைக்கூட அந்தச் சிரத்தையோடு நான் விளக்கியதில்லை. எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது.

"ஒவ்வொரு ஞாயிறும் என் கையால கழுவுறேன். என் பில்டர்ல பிழை இல்ல, உங்க கண்ணுலதான் பிழை. கண்ணாடி போட்டும் அளவு தெரியலன்னா மெஷின வித்துட்டு வீட்ல இருங்க, நானா. எங்க சிலிண்டரக் கெடுக்காதீங்க."

தாஸிம் நானா சிலிண்டரைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார்.

"வேற கையால செஞ்சி பாருங்க. எனக்கிட்ட பிழை ஈந்தா அப்ப தெரிஞ்சிடும்," என்றார்.

திட்டியிருந்தாலாவது பதிலுக்குத் திட்டிவிட்டு வந்திருப்பேன். நான் தலையை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்து, கண்டிக்கு அந்தப் பக்கம் புது மெஷின் வைத்திருக்கும் ஓரிடத்தில் போர் பண்ணி, அடுத்த அளவு பிஸ்டனைப் போட்டேன். அதோடு மூன்று கடைசல் முடிந்து ஒன்றுதான் மிச்சம்.

அந்தத் தீபாவளிக்கு நான் தட்டை எடுத்துப் போகவில்லை. துஷானி என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மாத்தளை பஸ் ஏறி அலவத்துகொடைக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். தட்டை வெறுமனே திருப்பித் தரும் வழக்கம் இரண்டு வீட்டிலும் இல்லை. நானாவின் மனைவி றிஸானா அதில், முட்டையும் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவித்த வட்டிலப்பம் வைத்து அனுப்பியிருந்தார்.

"மனுசன் உங்களப் பத்தி ஒண்ணுமே சொல்லல்ல. தம்பிட பைக் ஓடுதான்னு மட்டும் கேட்டாரு," என்றாள் துஷானி.

நான் வட்டிலப்பத்தைத் தொடவில்லை. வீம்புக்காக வட்டிலப்பத்தை விடுவது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று அதைச் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும்.

தை மாதம் பிறந்தது. தோட்டத்து ரோடெல்லாம் காய்ந்து நல்ல தூசி. நாவலப்பிட்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் ஜீவன் இயந்திரங்களைப் பார்க்கிறான். என்னோடு ஞாயிறுகளில் ஓட்டுகிறவன். விடியவே கிளம்பி உச்சிவரை போவோம் என்று, ஒரு சனிக்கிழமை பின்நேரமே அவனுடைய குவாட்டர்ஸுக்குப் போய்விட்டேன். போனதும், மறுநாள் நேரமிருக்காது என்று வழக்கமான ஞாயிறு வேலையை அப்போதே தொடங்கி, பில்டரைக் கழுவி, காய்ந்ததும் எண்ணெய் பூசி மாட்டினேன். பிறகு ரொட்டியும் கட்டச்சம்பலும் சாப்பிட்டோம்.

"ஒங்களுக்கு விசயம் தெரியுமாண்ணே?" என்றான் ஜீவன். "நம்ம தாஸிம் நானா இனி போர் வேல எடுக்க மாட்டாராம். போன வாரம் என் சிலிண்டரக் கொண்டு போனேன், திருப்பிக் குடுத்துட்டாரு. கண்ணு சரியில்லயாம். குருநாகல்ல ஒரு முதலாளி வந்து மெஷின ஏத்திக்கிட்டுப் போறாராம், நாளைக்கு."

உள்ளதைச் சொல்கிறேன். அதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது கவலையில்லை. பார்த்தாயா, நான் சொன்னது சரிதானே என்ற எண்ணம்தான் வந்தது. ஒரு மனிதர் தன் பிழையை ஏற்றுக்கொண்டார், பாராட்ட வேண்டும் என்றுகூட நினைத்துக்கொண்டு நன்றாகத் தூங்கினேன்.

விடிந்தபோது கம்பளிச் சட்டைக்குள்ளும் குளிர் குத்தியது. பைக்கை உதைத்தேன். கிக்கர் கொஞ்சம் மென்மையாக இறங்கியது. புது பிஸ்டன் போட்டு மூன்று மாதம்தான், அதற்குள் எப்படி என்று யோசித்துக்கொண்டே மறுபடி உதைத்தேன். எஞ்சின் பிடித்தது, ஆனால் குமுறியதே தவிர ஏறவில்லை. காற்று அடைபட்ட சத்தம். பக்கத்து மூடியைக் கழற்றி பில்டரை வெளியே எடுத்தேன்.

அடிப்பாதி வெள்ளை வெளேரென்று இருந்தது.

ஜீவன் குனிந்து பார்த்தான். "என்னண்ணே, பில்டருக்கு பட்டர் பூசியிருக்கீங்க?"

பட்டரில்லை. தேங்காயெண்ணெய். பில்டருக்கென்று ஒரு எண்ணெய் இருக்கிறது, பிசின்போல் ஒட்டி நின்று தூசியைப் பிடிக்கும். நாட்டில் சாமான் ஒன்றும் கிடைக்காத காலத்தில் அதுவும் கிடைக்கவில்லை. என்னிடம் இருந்ததைச் சிக்கனமாக வைத்து ஓட்டினேன். அது தீர்ந்தபோது அடுப்படியில் இருந்த போத்தலை எடுத்து ஊற்றினேன். அதுவும் எண்ணெய்தானே. வாசமாகவும் இருந்தது. பிறகு கடைகளில் எல்லாம் வந்துவிட்ட பின்னும், வீட்டிலேயே இருக்கும்போது எதற்குக் கடைக்கு என்று அதையே தொடர்ந்தேன். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டதும் உண்டு. தை மாதக் குளிருக்குத் தேங்காயெண்ணெய் உறையும் என்று கண்டியில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் தெரியும். தலைக்கு வைக்க நானே எத்தனை காலை போத்தலை வெயிலில் வைத்து உருக்கியிருக்கிறேன்!

ஜீவன் பில்டரை வாங்கி மேல்பாதியை அமுக்கினான். "இங்க காஞ்சு கெடக்குண்ணே. சூட்டுக்கு எண்ணெய் தண்ணியாகி வடிஞ்சிரும், மேல ஒண்ணும் நிக்காது. தூசி அது வழியா நேரா உள்ள போகும்."

பில்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் உள்ள ரப்பர் குழாய்க்குள் விரலை விட்டேன். விரலில் நரநரவென்று சிவப்பு மண் வந்தது. அதைத்தான் என் எஞ்சின் ஒன்றரை வருடமாக மென்றுகொண்டிருந்தது. பிஸ்டனில் இருந்த கீறல்கள் அந்த மண் போட்டவை. நானாவும் போடவில்லை, அந்தப் புது மெஷினும் போடவில்லை. வாராவாரம் கழுவிக் கழுவி நானேதான் போட்டேன்.

அந்தக் குளிரிலும் எனக்கு முகம் கொதித்தது. இன்றைக்கு மெஷினை ஏற்றப் போகிறார்கள். ஒரு நல்ல வேலைக்காரர் தனக்குக் கண் தெரியவில்லை என்று நம்பி, சோறு போட்ட இயந்திரத்தை விற்கப் போகிறார், நான் சொன்ன ஒரு சொல்லால். நானாவுக்குப் போன் எடுத்தேன். மூன்று தடவை மணி போனது, பதிலில்லை.

"றிஸானா அக்காட நம்பர் இருக்கா? சொல்லி நிப்பாட்டலாமே," என்றான் ஜீவன்.

"நாலு பேருக்கு முன்னால சொன்னத போன்ல எப்பிடிடா திரும்ப எடுக்கிறது? நான் போறேன்."

பைக்கை அவனிடம் விட்டுவிட்டு, உறைந்த பில்டரையும் ரப்பர் குழாயையும் ஒரு சொப்பிங் பையில் போட்டுக்கொண்டு, கண்டி பஸ்ஸில் ஏறினேன். வெள்ளை வெளேரென்ற அந்தப் பில்டரை மேசையில் வைத்தால் போதும், வேறு விளக்கம் வேண்டாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். கம்பளை தாண்டியதும் வெயில் ஏறியது. பேராதனையில் பக்கத்து சீட்டு அம்மா காலைத் தூக்கிக்கொண்டு, "தம்பி, ஒங்க பையில இருந்து எண்ணெ ஒழுகுது, மீனா?" என்று கேட்டார். பார்த்தேன். என் சாட்சி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. கண்டியில் இறங்கி மாத்தளை பஸ் பிடித்தபோது பைக்குள் வெறும் பழைய கடற்பஞ்சும் ஓர் எண்ணெய்க் குட்டையும்தான் மிச்சம். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ் ஏறும்போது, இறங்கி வீட்டுக்குப் போய்விடலாமா என்று ஒரு நிமிடம் மனம் தடுமாறியது. இறங்கவில்லை.

அலவத்துகொடையில் வெள்ளிதான் பட்டறை மூடுவார்கள். ஞாயிறென்றால் நல்ல கூட்டம். வாசலில் லொறி நின்றது. இரண்டு பேர் போர் மெஷினின் அடிப் போல்ட்டுகளைத் தளர்த்திக்கொண்டிருக்க, குருநாகல் முதலாளி இடுப்பில் கை வைத்து நின்றார். காத்திருந்தவர்களில் இரண்டு பேர் அன்றைக்கும் இருந்தவர்கள். தாஸிம் நானா கதிரையில் உட்கார்ந்து, மெஷினைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானா, நிப்பாட்டச் சொல்லுங்க," என்றேன். பஸ் நிறுத்தத்தில் இருந்து ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது.

"தம்பி, வாக்குக் குடுத்திட்டேன்."

"உங்க கண்ணுல பிழையில்ல, நானா. என் புத்தியிலதான் பிழை." கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். எல்லோரும் திரும்பினார்கள். ரப்பர் குழாயை அவர் கையில் கொடுத்தேன். "உள்ள விரல விட்டுப் பாருங்க. நீங்க பில்டரக் கேட்டீங்க, நான் உங்களக் கண்டபடி பேசினேன். புது மெஷின்ல போர் பண்ணியும் மூணு மாசத்தில தேஞ்சிட்டுது. நான் பில்டருக்குப் பூசினது தேங்காயெண்ணெ."

நானா விரலை விட்டுத் துழாவி, வந்த மண்ணை இரண்டு விரலுக்கிடையில் தேய்த்துப் பார்த்தார். பிறகு பையை வாங்கி உள்ளே முகர்ந்தார்.

"நல்ல எண்ணெ," என்றார்.

வாசலருகே நின்ற ஒருவர், "மீன் ஒண்டப் போட்டிருந்தா பொரிஞ்சாவது ஈக்கும்," என்றார். அவ்வளவுதான், பட்டறையே சிரித்தது. சிங்களத்தில் விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்ட குருநாகல் முதலாளி கண்ணில் நீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன். என்னைப் பார்த்து நாலு பேர் சிரிப்பது அவ்வளவு ஆறுதலாக இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

சிரித்து முடித்த முதலாளி மேசையில் இருந்த அளவுமானியை எடுத்து, அங்கே கிடந்த ஒரு சிலிண்டருக்குள் விட்டார். நானா கடைசியாகப் போர் பண்ணியது, சொந்தக்காரர் இன்னும் எடுத்துப் போகாதது. மேலே, நடுவில், கீழே என்று அளந்துவிட்டுத் தலையை ஆட்டினார். இப்படிக் கடைகிறவர் எதற்கு விற்கிறார், இந்த மெஷினைக் கொண்டுபோனாலும் என் ஆட்களுக்கு இந்த அளவு வராதே என்று சிங்களத்தில் கேட்டார். நானா என்னைப் பார்த்தார். வாக்கை நான் திருப்பித் தருகிறேன், ஆனால் லொறி வாடகை கொடுத்துவிட்டு வெறுங்கையோடு போக முடியாது என்று முதலாளி கொஞ்சம் முறுக்கினார். கடைசியில் மூலையில் சும்மா நின்ற பழைய துளையிடும் மெஷினை ஏற்றிக்கொண்டு, முணுமுணுத்தபடியே கிளம்பினார்.

தளர்த்திய போல்ட்டுகளை நானும் நானாவும் சேர்ந்து இறுக்கினோம். றிஸானா உள்ளிருந்து பிளேன்டீயும் அதோடு கடித்துக்கொள்ள ஹக்குறுக் கருப்பட்டித் துண்டும் அனுப்பினார். எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. கடைசிக் கடைசல் ஒன்று மிச்சமிருக்கிறது, அதை நீங்கள்தான் செய்ய வேண்டும், பில்டருக்கு இனிக் கடை எண்ணெய்தான் என்று நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருந்தேன். மன்னிப்பும் கேட்டேன், இரண்டு தடவை. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். பெரும்பாலும் சரியாகித்தான் விட்டது.

நானா கண்ணாடியைக் கழற்றி, உடுத்திருந்த சாரத்து நுனியில் துடைத்தார்.

"நீங்க பேசிப் போன பொறகு வந்த ஒவ்வொரு சிலிண்டரையும் நாலு தரம் அளந்து பாத்தேன், தம்பி," என்றார். "நாலு தரமும் சரியாத்தான் ஈந்திச்சி. அப்பவும் நான் அளவ நம்பல்ல. பன்னெண்டு வருசம் பழகின மனுசன் பொய் சொல்ல மாட்டாருன்னு, நீங்க சொன்னத்தத்தான் நம்பினேன்."

அவர் அதைக் கோபமில்லாமல்தான் சொன்னார். சொல்லிவிட்டு, டீ ஆறிப்போகிறது, குடியுங்கள் என்றார்.